இருநூறு ஆணியில் எதிர்ச்சொற்கள்

எனக்குக் கோபம் மூக்குக்கு மேலே வரும் என்று எங்கள் வீட்டில் ஒரு பேச்சு உண்டு. அதைக் கிளப்பிவிட்டவர் என் வீட்டுக்காரர். அவருக்குக் கோபமே வராது. கோபமே வராத மனிதருக்குப் பக்கத்தில் யார் நின்றாலும் கோபக்காரியாகத்தான் தெரிவாள். இதைச் சொன்னால் அதற்கும் சிரிப்பார்.

நான் பெரிய ஆஸ்பத்திரி ஒன்றின் துணி அறையில் பத்தொன்பது வருடமாக வேலை பார்க்கிறேன். படுக்கை விரிப்பு, தலையணை உறை, துண்டு, கம்பளி, ஆபரேஷன் அறையின் பச்சை அங்கி எல்லாம் வெளுத்து, உலர்த்தி, தேய்த்து எங்களிடம்தான் வரும். மடித்து, கிழிந்ததைப் பிரித்து, அடுக்கில் வைத்து, வார்டு வார்டாக அனுப்புவோம். கண்ணைக் கட்டிவிட்டாலும் எது எங்கே இருக்கிறது என்று என் கை போய் எடுக்கும். குழந்தைகள் வார்டின் சின்ன விரிப்பு இடதுபக்கம் மூன்றாவது தட்டு. கம்பளி ஜன்னலுக்குக் கீழே. தட்டில் சீட்டு ஒட்டியிருக்கிறார்கள், நான் ஒருநாளும் அதைப் படித்ததில்லை.

துணி அறைப் பொறுப்பாளர் ஓய்வு பெற்றுப் போய் இரண்டு வருடம் ஆயிற்று. அன்றிலிருந்து அவர் வேலையை நான்தான் செய்கிறேன். ஆனால் நாற்காலி எனக்கில்லை. அதில் உட்கார ஒரு தேர்வு எழுத வேண்டும். சுத்தம், கணக்கெடுப்பு, தீ விபத்து என்று எல்லாத் தாளிலும் முதல் தடவையே தேறிவிட்டேன். இங்கிலீஷ் தாள் மட்டும் கழுத்தைப் பிடித்தது. இருபத்தைந்து சொல் கொடுப்பார்கள், ஒவ்வொன்றுக்கும் எதிர்ச்சொல் எழுத வேண்டும். பதினைந்து சரியாக இருந்தால் பாஸ். முதல் வருடம் ஒன்பது எடுத்தேன், அடுத்த வருடம் பதினொன்று.

துணி மடிக்கிறவளுக்கு எதிர்ச்சொல் எதற்கு என்று மேட்ரனிடம் நேராகவே கேட்டேன். வார்டுகளிலிருந்து வரும் சீட்டெல்லாம் இங்கிலீஷில் வருகிறது, பொறுப்பாளர் படித்துப் புரிந்துகொள்ள வேண்டும், அதைச் சோதிக்க மேலே யாரோ கண்டுபிடித்த வழி இது, தானும் ஒருகாலத்தில் எழுதியதுதான் என்றார். நல்ல மனுஷி. ஆனால் விதியை வளைக்க மாட்டார்.

ஐம்பது வயது ஆகிவிட்டால் தேர்வு எழுத முடியாது. எனக்கு வருகிற வருடம் ஐம்பது. ஆக இது மூன்றாவது தடவை, கடைசித் தடவையும் அதுதான். இதிலும் கோட்டைவிட்டால் வெளியிலிருந்து ஒருவரைக் கொண்டுவருவார்கள். அவருக்கு நானே வேலை கற்றுக்கொடுத்து, நானே அவருக்கு எழுந்து நிற்க வேண்டும்.

என் வீட்டுக்காரர் சாவி போடுகிறவர். எங்கள் வீட்டின் முன் அறைதான் அவர் கடை. சாவி வெட்டும் இயந்திரம் ஒன்று, அரங்கள் ஒரு டப்பா நிறைய, சுவர் முழுக்க இன்னும் வெட்டாத சாவிகள். ஆள் வந்து பழைய சாவியை நீட்டினால், திரும்பிப் பார்க்காமலே பின்னால் கையைவிட்டு அதற்குப் பொருத்தமானதை எடுப்பார். மூன்றாம் தடவை என்றதும் அவர் தன் தங்கையிடம் போய் ஒரு தடித்த எதிர்ச்சொல் புத்தகத்தை வாங்கிவந்தார். என் நாத்தனார் பள்ளிக்கூடத்து இங்கிலீஷ் டீச்சர். அவள் முன்னால் படிக்க உட்கார்ந்தால் என் மானம் போய்விடும் என்று அவருக்குத் தெரியும்.

பரணில் கிடந்த ஒரு பலகையைத் துடைத்து எடுத்துக் கடைச் சுவரில் நிறுத்தினார். இருநூறு ஆணி அடித்த பலகை. சாவிக்கொத்தில் போடும் பிளாஸ்டிக் வில்லைகளில், சிவப்பில் ஒரு சொல்லையும் நீலத்தில் அதன் எதிர்ச்சொல்லையும் எழுதி, இரண்டையும் ஒரே வளையத்தில் கோத்து ஒவ்வொரு ஆணியிலும் மாட்டினார். வில்லையின் பின்பக்கம் தமிழில் பொருளும் எழுதியிருந்தார். பத்து நாள் ராப்பகலாக உட்கார்ந்து எழுதினார் மனிதர். கல்யாணத்துக்கு முன்பு எனக்கு ஒரு கடிதம்கூட அவர் எழுதியதில்லை.

தினமும் நான் வேலை முடிந்து வந்ததும், கடைக்கு ஆள் வராத நேரத்தில் படிப்பு நடக்கும். நான் உருளைக்கிழங்கைத் தோல் சீவிக்கொண்டு இருப்பேன், அவர் ஒரு குச்சியால் ஆணியைத் தொடுவார். நான் இரண்டு சொல்லையும் சொல்ல வேண்டும். முதல் வாரம் நாக்கு சுளுக்கியது. இரண்டாம் வாரம் ஒரு வரிசை வந்தது. ஐந்தாவது வாரம் குச்சி போகிற வேகத்துக்கு என் வாயும் போனது. இருநூறும் தண்ணீர் பட்ட பாடு. கடைக்கு வந்தவர்கள் நின்று வேடிக்கை பார்த்தார்கள். அவருக்கு என்னைவிடப் பெருமை. பூட்டு வாங்க வந்தவரிடம்கூட, சும்மா ஒரு ஆணியைக் காட்டுங்களேன் என்று குச்சியைக் கொடுத்துவிடுவார்.

தேர்வுக்குப் பதினோரு நாள் இருக்கும்போது பக்கத்துத் தெருவில் புதிதாகக் கட்டிய அடுக்குமாடிக்கு மொத்தச் சாவியும் போட்டுத் தரச் சொல்லி ஆள் வந்தது. நூற்றறுபது சாவி. அத்தனையையும் கலையாமல் மாட்டி வைக்க ஆணிப் பலகை வேண்டும். உனக்குத்தான் எல்லாம் மனப்பாடம் ஆகிவிட்டதே என்று அவர் வளையங்களைக் கழற்றி ஒரு பிஸ்கட் டப்பாவில் போட்டுவிட்டார். நானும் பெரிய மனதோடு சரி என்றேன்.

மறுநாள் மாலை டப்பாவில் கையைவிட்டு ஒரு வளையத்தை எடுத்து, "ஜெனரஸ்" என்றார்.

நான் வழக்கம்போல உருளைக்கிழங்கு சீவிக்கொண்டிருந்தேன்.

"அது எத்தனாவது ஆணி?" என்று கேட்டேன்.

அவர் என்னைப் பார்த்தார். இன்னொன்றை எடுத்துப் படித்தார். அது மேல் வரிசையா கீழ் வரிசையா என்றேன். மூன்றாவதற்கு ஜன்னல் பக்கமா, கதவுப் பக்கமா என்று கேட்கும்போது எனக்கே உறைத்துவிட்டது. என் கையில் இருந்த கத்தி அப்படியே நின்றது. நான் படித்தது ஒரு சொல்லைக்கூட இல்லை. நாலாவது வரிசையில் ஆறாவது ஆணிக்கு இந்தச் சத்தம், அதற்கு அடுத்த ஆணிக்கு அந்தச் சத்தம் என்று துணி அறையில் தட்டைப் படித்த மாதிரி படித்து வைத்திருக்கிறேன். வில்லையின் பின்பக்கத்தை ஒருநாளும் திருப்பிப் பார்த்ததில்லை. இருபது வளையம் எடுத்துப் பார்த்ததில் நாலுதான் தேறியது.

எனக்கு வந்ததே கோபம். ஆணி அடித்துக் கொடுத்துக் கெடுத்ததே நீங்கள்தான் என்று கத்தினேன். புத்தகத்தில் படித்திருந்தால் போன வருடத்துப் பதினொன்றாவது வந்திருக்கும், இப்போது அதுவும் போயிற்று, சாவிக்காரருக்கு எதற்கு வாத்தியார் வேலை என்று என்னென்னவோ பேசினேன். அந்த அடுக்குமாடி இடிந்து விழட்டும் என்றுகூடச் சொன்னேன். பாவம், அவர்கள் என்ன செய்தார்கள்.

அவர் எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, "எனக்கும் சாவி நம்பர் ஒண்ணும் தெரியாது. எந்த ஆணின்னுதான் தெரியும். அதான் அப்படியே சொல்லிக் குடுத்துட்டேன்" என்றார். குரல் தழைந்துபோய் இருந்தது. எனக்கு அதைக் கேட்டு இரக்கம் வந்திருக்க வேண்டும். வரவில்லை. இரண்டு நாள் அவரோடு பேசவில்லை. சாப்பாட்டை மட்டும் டம்மென்று வைத்துவிட்டுப் போனேன்.

ஞாயிற்றுக்கிழமை நாத்தனார் வந்தாள். வீட்டில் காற்று சரியில்லை என்று வாசலிலேயே தெரிந்துகொள்கிறவள் அவள். விஷயத்தைப் பிடுங்கிக் கேட்டுவிட்டு, விக்கல் வரும்வரை சிரித்தாள். தண்ணீர் கொடுத்தேன், அதைக் குடித்துவிட்டு மறுபடியும் சிரித்தாள்.

"அண்ணி, நீங்க இங்கிலீஷ் படிக்கல. செவுத்தப் படிச்சிருக்கீங்க."

அவளைத் தூக்கி வெளியே போட்டிருப்பேன். ஆனால் சொன்னது நிஜம். அன்று மத்தியானம் நானும் டப்பாவும் தனியாக உட்கார்ந்திருந்தோம். மனப்பாடம் செய்ய நாளும் இல்லை, மண்டையும் இல்லை. அழுகை வந்தது, அழுதேன். இருபது நிமிடம் அழுதிருப்பேன். அழுது முடித்த பிறகும் டப்பா அங்கேயேதான் இருந்தது.

திங்கட்கிழமை காலையில் கைக்கு வந்த இருபது வளையத்தை அள்ளி மேலங்கிப் பையில் போட்டுக்கொண்டு வேலைக்குப் போனேன். நடந்தால் கிணுகிணு என்று சத்தம். எங்கள் பிரிவில் ஒருவனுக்கு சோப்பு என்று பெயர். வெளுப்பு அறையில் சோப்பு போடுவதும் அவன்தான், மேலதிகாரிகளுக்கு சோப்பு போடுவதும் அவன்தான். அக்கா பொறுப்பாளர் ஆவதற்கு முன்பே சாவிக்கொத்து வந்துவிட்டதா என்றான். வாயை மூடிக்கொண்டு வேலையைப் பார் என்றேன்.

புதுத் துண்டு நூறு வந்திருந்தது. பிரித்து எண்ணிக்கொண்டிருந்தபோது பையிலிருந்து ஒரு வில்லையை எடுத்தேன். ரஃப். திருப்பினேன். சொரசொரப்பு என்று எழுதியிருந்தது. என் கை அப்போது எதைத் தடவிக்கொண்டிருந்தது என்று பார்த்தேன். புதுத் துண்டு தோலைச் சீவும். நூறு தடவை வெளுத்த பிறகுதான் நோயாளி முகம் துடைக்க லாயக்காகும். பழைய துண்டு ஒன்றை எடுத்து இன்னொரு கையில் வைத்துக்கொண்டேன். இது ஸ்மூத். நீல வில்லையைப் பார்க்கவே தேவைப்படவில்லை. எனக்கு உடம்பெல்லாம் சிலிர்த்துவிட்டது. இத்தனை நாள் இந்தச் சொல் என் கையிலேயே இருந்திருக்கிறது.

அதற்குப் பிறகு நான் சும்மா இருக்கவில்லை. ஸ்கேர்ஸ் என்றால் கிடைப்பது அரிது. திங்கட்கிழமை காலையில் தலையணை உறை. பிளெண்டிஃபுல் என்றால் ஏராளம். யாருமே கேட்காத முழ நீள மேசை விரிப்பு, அடுக்கு இரண்டு நிறைய. கில்டி, குற்றவாளி. பேனாவை மூடாமல் பையில் போட்டுக் கோட்டில் மை கொட்டிக்கொண்ட டாக்டர். இன்னொசென்ட், நிரபராதி. அந்த மைக்காகத் திட்டு வாங்கிய நாங்கள். ஜெனரஸ் என்றால் தாராளம், அதற்கு நான் வெகுநேரம் யோசிக்கவில்லை. ஆஸ்பத்திரி சோப்பைக் கேட்டவர்களுக்கெல்லாம் அள்ளிக் கொடுப்பான் எங்கள் சோப்பு. அதே ஆள் தன் வீட்டிலிருந்து கொண்டுவரும் பிஸ்கட்டில் பாதியை உடைத்துக்கூடத் தர மாட்டான். ஸ்டிஞ்சி என்றால் கஞ்சன், அதுவும் அவனேதான். ஒரே ஆளிடம் சொல்லும் எதிர்ச்சொல்லும் கிடைத்தது எனக்கு லாபம்.

சாயங்காலம் வீட்டுக்குப் போனதும் நானே பேச்சை ஆரம்பித்தேன். கோபம் தீர்ந்துவிட்டது என்று சொல்லவில்லை. ஸ்டபர்ன் என்றால் பிடிவாதம் என்று எழுதியிருக்கிறீர்கள், அதை எப்படி ஞாபகம் வைப்பது என்று மட்டும் கேட்டேன். அவர் என்னை ஒரு தினுசாகப் பார்த்தார். அந்தப் பார்வைக்கு என்ன அர்த்தம் என்று தெரியும், விட்டுவிட்டேன். பிறகு மேசைக்குக் கீழே குனிந்து துருப்பிடித்த பூட்டு ஒன்றை எடுத்துக் கொடுத்தார். எந்தச் சாவிக்கும் அசையாது, எண்ணெய்க்கும் அசையாது என்றார். அன்றிலிருந்து துணியில் அகப்படாத சொற்களையெல்லாம் பூட்டில் தேடினோம். ரிஜிட் என்பது இரும்புச் சாவி, வளையாது. ஃப்ளெக்ஸிபிள் என்பது பூட்டைத் திறக்க அவர் வைத்திருக்கும் மெல்லிய கம்பி. ரிவீல் என்றால் வெளிப்படுத்துவது, கன்சீல் என்றால் மறைப்பது. தான் பூட்டைத் திறந்துகொடுத்த அலமாரிகளில் என்னென்ன இருந்தன என்று இருபத்தாறு வருடத்தில் ஒன்றுகூட என்னிடம் சொல்லாத மனிதர் அவர். கன்சீல் அவர். ரிவீல் யார் என்று நான் கேட்காமலே என்னைப் பார்த்துச் சிரித்தார்.

ஒரு நாள் நாத்தனாரோடு சண்டைகூடப் போட்டேன். ஷ்ரிங்க் என்றால் சுருங்குவது, அதன் எதிர்ச்சொல் எக்ஸ்பாண்ட் என்று புத்தகத்தில் இருந்தது. கம்பளியைக் கொதிக்கிற தண்ணீரில் போட்டால் சுருங்கும், அது சரி. ஆனால் எந்தத் துணியும் தானாக விரிந்து நான் பார்த்ததில்லை, யாராவது இழுத்தால்தான் நீளும் என்றேன். அப்படி இழுத்து நீள்வதற்கு ஸ்ட்ரெட்ச் என்று வேறு சொல் இருக்கிறது, துணிக்கு அதுதான் பொருத்தம் என்று அவளே ஒத்துக்கொண்டாள். ஃப்ரெஷ் என்ற சொல்லுக்கும் அப்படித்தான். ரொட்டி என்றால் அதற்கு எதிர் காய்ந்துபோனது, விரிப்பு என்றால் அழுக்கானது. சொல்லுக்கு எதிரே நிற்பது எது என்று அந்தச் சொல்லை மட்டும் பார்த்துச் சொல்ல முடியாது, அது எதோடு ஒட்டிக்கொண்டிருக்கிறது என்றும் பார்க்க வேண்டும். எனக்கு இது பிடித்துப்போயிற்று. தேர்வு இருக்கிறது என்பதைக்கூடச் சில நேரம் மறந்துபோனேன்.

தேர்வன்று எங்கள் ஆஸ்பத்திரியின் மேல்மாடிக் கூடத்தில் நாங்கள் பதினேழு பேர். என்னைத் தவிர எல்லாரும் எனக்கு மகளாக இருக்கிற வயது. சொற்கள் புத்தகத்து வரிசையிலும் இல்லை, பலகை வரிசையிலும் இல்லை. ஆனால் ஒவ்வொன்றைப் பார்க்கும்போதும் ஒரு துண்டோ, பூட்டோ, ஆளோ முன்னால் வந்து நின்றது. எதிரே நிற்பதை எழுதிக்கொண்டே போனேன். இருபத்துநாலு முடிந்தது. இரண்டில்தான் சந்தேகம்.

இருபத்தைந்தாவது சொல் ஆப்பொனென்ட். அது எங்கள் இருநூறில் இல்லை.

பொருள் எனக்குத் தெரியும். டிவியில் பந்து விளையாட்டு ஓடும்போது நிமிடத்துக்கு ஒரு தடவை அந்தச் சொல் வரும், என்னவென்று ஒருநாள் கேட்டு வைத்திருந்தேன். எதிர்த்து ஆடுகிறவன். அப்படியானால் அதற்கு எதிர்ச்சொல் என்ன? ஃப்ரெண்ட் என்று எழுதப் போனேன். ஆனால் ஃப்ரெண்ட் என்பது எனிமிக்கு எதிர்ச்சொல். எதிர்த்து ஆடுகிறவன் பகையாளி இல்லை, ஆட்டம் முடிந்தால் கை குலுக்கிவிட்டுப் போகிறான். அவன் எதிரே நிற்கிறான், நான் தோற்க வேண்டும் என்று நினைக்கிறான், அவ்வளவுதான். அப்படியானால் அதற்கு எதிர்ச்சொல், என் பக்கத்தில் நின்றுகொண்டு நான் ஜெயிக்க வேண்டும் என்று நினைக்கிறவன். அப்படிப்பட்டவனுக்கு இங்கிலீஷில் கட்டாயம் ஒரு சொல் இருக்கும். எனக்குத் தெரியவில்லை. நேரம் முடிய ஐந்து நிமிடம் இருந்தது. வெறுமனே விடுவது என் வழக்கம் இல்லை. தெரிந்த ஒரே சொல்லை எழுதித் தாளைக் கொடுத்துவிட்டு வந்தேன்.

மூன்று வாரம் கழித்து மேட்ரன் கூப்பிட்டு அனுப்பினார். எங்கள் பிரிவுத் தாள்களைத் திருத்தியவர் அவர்தான். மேசையில் என் தாள் இருந்தது. உட்காரச் சொன்னார். பத்தொன்பது வருடத்தில் அந்த அறையில் நான் உட்கார்ந்ததில்லை.

இருபத்திரண்டு சரி, இரண்டு தப்பு என்றார். நாளையிலிருந்து நீங்கள்தான் துணி அறைப் பொறுப்பாளர் என்றார். எனக்குக் காது அடைத்துக்கொண்டது. நன்றி சொன்னேனா என்றுகூட நினைவில்லை. கொஞ்ச நேரம் கழித்துத்தான் கணக்கு இடித்தது. இருபத்திரண்டும் இரண்டும் இருபத்துநாலு. இன்னொன்று எங்கே மேடம் என்றேன்.

அவர் தாளைத் திருப்பி என் பக்கம் நகர்த்தினார். கடைசிச் சொல்லுக்கு எதிரே ஹஸ்பண்ட் என்று என் கோணல் கையெழுத்தில் இருந்தது. அதன்மேல் சரி என்றும் இல்லை, தப்பு என்றும் இல்லை.

"சப்போர்ட்டர்னு எழுதியிருக்கணும். இதுக்கு மார்க் போட முடியாதும்மா," என்றார்.

"தெரியும் மேடம்."

"தப்புன்னு கோடு போடவும் கை வரல."

கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டார். எனக்கும் மூக்கு உறிஞ்ச வேண்டியிருந்தது.

வீட்டுக்கு வந்து சொன்னேன். இயந்திரத்தை நிறுத்திவிட்டு எழுந்து நின்றார், மறுபடி உட்கார்ந்தார், மறுபடி எழுந்தார். கடையில் நின்ற முன்பின் தெரியாத ஆளிடம், பாஸ் பண்ணிட்டா என்றார். அந்த ஆளும் சந்தோஷப்பட்டுவிட்டுப் போனார். அப்புறம்தான் எந்த மூன்றை விட்டாய் என்று ஆரம்பித்தார். இரண்டைச் சொன்னேன். மூன்றாவது என்ன என்றார். உங்களுக்கு அது தேவையில்லை என்றேன். கோபமா என்று கேட்டார். ஆமாம் என்றேன்.

இன்றுவரை விடாமல் கேட்டுக்கொண்டிருக்கிறார். நானும் சொல்லவில்லை. சொன்னால் மனிதருக்குத் தலைகால் புரியாது. நாத்தனாருக்குச் சொல்லிவிட்டேன், துணி அறை முழுக்கச் சொல்லிவிட்டேன், அவரிடம் சாவி போட வருகிறவர்களில் பாதிப் பேருக்கும் தெரியும்.